தக்காளிக்குப் போன உயரம்

முதலமடைக்குக் கிழக்கே ஆறுமுகசாமியின் தோட்டத்தில் தக்காளிச் செடிகள் பனையில் பாதி உயரம் வளர்ந்த வருஷத்தில், அவருடைய மருமகன் வினோ தன் மனைவியின் இடுப்பளவுக்குக் குறைந்துபோனான். அந்த வருஷம் மா பிந்திப் பூத்தது, புடலங்காய்க்குச் சுமாரான விலை இருந்தது, வெண்டையை யாரும் கேட்கவில்லை. வினோ இப்போது நன்றாக இருக்கிறான், வேளைக்குச் சாப்பிடுகிறான், பைக் ஓட்டுகிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தச் செய்தி போடிமெட்டுப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே வேறு மாதிரி ஆகி, அங்கே அவனுடைய சித்தி வீட்டில் அழத் தொடங்கிவிட்டார்கள்.

வினோ போடிமெட்டுக்குக் கீழே ஓர் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு மெஷின் வேலைக்கு வந்தவன், அதே கம்பெனியின் ஆபீசில் இருந்த யோகப்பிரியாவைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளுடைய அப்பா ஆறுமுகசாமி கல்யாணத்துக்கு வந்தார், பந்தியில் உட்கார்ந்தார், அட்சதை போட்டார், ஆனால் மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கம்பெனியில் ஒரு ஷிஃப்டை நிறுத்தினார்கள். யோகப்பிரியா புருஷனைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்துவிட்டாள். அந்த வீட்டில் எல்லாரும் குட்டை. வினோ மட்டும் வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். அவன் வந்த பிறகுதான் மேல் பரணில் என்னென்ன இருக்கிறது என்று மாமியார் கமலாத்தாளுக்கே தெரிந்தது. ஆறுமுகசாமி அவனிடம் சொல்லவேண்டியதையெல்லாம் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பார்த்துச் சொல்வார். மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தை அவனுக்கு ஒதுக்கியபோதும் சொட்டுநீர்க் குழாயைப் பார்த்துத்தான் சொன்னார்: “எஸ்டேட்டுக்காரங்களுக்கு ஏலக்கா தெரியும். தக்காளி தெரியுமான்னு பாக்கோணுமில்லொ.”

விதையைக் கொண்டுவந்தவன் ஷஹீர். வேலந்தாவளம் சந்தைக்குக் காய் ஏற்றும் மினி லாரிக்காரன், வினோவின் வயதுதான். நெட்டையாகப் போகும் சாதி, ஒரு பழம் ஒரு சொம்பளவு வரும், நுனியைக் கிள்ளாதவரை வளர்ந்துகொண்டே இருக்கும் என்று அவன் சொன்னான். ஆவணி மழை விட்டதும் வினோ குழித்தட்டில் தென்னைநார்த் தூளை நிரப்பி, குழிக்கு ஒரு விதை வைத்து, மேலே பொடிமண் தூவி, ஈரச்சாக்கு போட்டு மூடினான். முளைத்ததும் சாக்கை எடுத்து, நாற்று வெளிச்சத்தைத் தேடி நூலாக நீண்டுவிடாமல் இருக்கக் காலை வெயிலில் வைத்து, மத்தியான வெயிலுக்குள் நிழலுக்கு எடுத்தான். ஒரு குழந்தையைத் தின்னவும் தூங்கவும் பழக்குவதுபோல் அதை வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கினான். ஒரு சாண் வந்ததும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து நட்டான். புதைந்த தண்டு முழுக்க வேர்விடும் என்பதை ஆறுமுகசாமியும் அறிவார். அதனால் அதைப் பற்றிக் குழாயிடம் எதுவும் சொல்லவில்லை.

தவறு கயிற்றில் நடந்தது. அந்தப் பக்கத்தில் பயிருக்குக் கயிறு அளக்க வீட்டுக்கு வீடு ஒரு குச்சி உண்டு. குச்சி இல்லாவிட்டால் மண்வெட்டிப் பிடியை வைத்து அளப்பார்கள், முழம் போடுவார்கள். ஆளை நிறுத்தி வைத்து மட்டும் அளக்கமாட்டார்கள். ஆள் அளவு எடுப்பது பாடை கட்டுவதற்குத்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை, ஏனென்றால் தெரியாதவர்கள் அங்கே வெள்ளாமை செய்ததில்லை. ஏலத்தோட்டத்து வழக்கம் வேறு. அங்கே மிளகுக்கொடி ஏற்றக் கயிறு வேண்டுமென்றால் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலால் மிதித்து, மறு நுனியை உச்சந்தலைவரை இழுத்து அறுத்துவிடுவார்கள். மலையில் எல்லாவற்றுக்கும் ஏற்கனவே போதுமான உயரம் இருப்பதால் எந்தச் செடிக்கும் யாருடைய உயரமும் தேவைப்படுவதில்லை. வினோ மோட்டார் ரூம் நிழலில் நின்று, ஒவ்வொரு செடிக்கும் ஒரு கயிறாகத் தன்னையே அளந்து அறுத்தான். ஆறுமுகசாமி வரப்பில் நின்று அதைப் பார்த்தார். மருமகனிடம் பேசுவதில்லை என்பதால், மனைவியிடம் சொல்லி அவளை விட்டுச் சொல்லவைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனார். வீட்டில் மாடு கன்று போட்டிருந்தது. மறந்துவிட்டார்.

மூங்கில் நட்டு மேலே இழுத்துக் கட்டிய கம்பியில் கயிறுகளைத் தொங்கவிட்டதும், செடிகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஏறின. வினோ தினமும் காலையில் ஒவ்வொரு செடியாக நின்று, இலைக்கும் தண்டுக்கும் நடுவே கக்கத்தில் முளைக்கும் தளிரைக் கிள்ளி எறிந்தான், ஒற்றைத் தண்டாக விட்டான், நுனியைக் கயிற்றில் ஒரு சுற்று சுற்றினான். பூ விட்டதும் வெயில் ஏறும் நேரத்தில் கம்பியை விரலால் தட்டி மகரந்தம் உதிரவைத்தான். ஒரு கொத்தில் மூன்று பிஞ்சு நிறுத்தி மற்றதைக் கிள்ளினான். கார்த்திகையில் செடிகள் அவன் தலையைத் தாண்டியபோது மூங்கிலோடு மூங்கில் சேர்த்துக் கட்டி, கம்பியை மேலே ஏற்றி, கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்டினார்கள். ஒவ்வொரு முறையும் மேலே ஏறிக் கட்டமுடியாது என்பதால், கயிற்றைக் கம்பிக்கு மேலாகப் போட்டு மறு நுனியைச் செடியின் அடியில் ஒரு முளைக்குச்சியில் கட்டிவைத்தான். மூங்கில் ஏற்ற வந்த ஷஹீர்தான் முதலில் உற்றுப் பார்த்தான்.

“என்னடா வினோ, வெந்நியில அலசிக் காயப்போட்ட சட்டை மாதிரி சுருங்கிட்டே?”

“வேலை கூடிப்போச்சுப்பா. மெலிஞ்சிருப்பேன்.”

“மெலிஞ்சா அகலம் கொறையும். உனக்கு நீளம்லா கொறஞ்சிருக்கு.”

வினோ சிரித்தான். லுங்கி தரையைப் பெருக்குவது அவனுக்கும் தெரிந்திருந்தது. துவைத்துத் துவைத்துத் துணி நெகிழ்ந்திருக்கும் என்று நினைத்திருந்தான். அடுத்து பைக்கை நிறுத்தினால் கால் எட்டவில்லை. நிலையில் தலை இடிக்கவில்லை. ஒருநாள் யோகப்பிரியா பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள். கல்யாணம் ஆனதிலிருந்து அண்ணாந்து பேசிய கழுத்து நேராக இருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நர்ஸ் அளந்தாள், போன தடவை எழுதியிருந்ததைப் பார்த்தாள், மறுபடி அளந்தாள், அளவுப் பலகையில் கோளாறு என்று சொல்லி வேறு பலகை கொண்டுவந்தாள். டாக்டர் எலும்புக்கு மாத்திரை எழுதினார். விவசாய ஆபீசான கிருஷி பவனிலிருந்து வந்த ஆபீசர் செடிகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, ரொம்ப ஆரோக்கியமாக இருக்கிறது என்றார்.

மோட்டார் பழுதாகிச் செடிகள் வாடிப்போய், சரியானதும் ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ந்த வாரத்தில் காய்கள் காம்பைச் சுற்றி வெடித்தன. அதே வாரம் வினோவின் குதிகாலும் வெடித்தது. யோகப்பிரியா அவன் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே ஜன்னல் வழியாகச் செடிகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். கமலாத்தாள் வந்து இரண்டையும் பார்த்தாள், மருமகனைப் பார்த்துக் கேட்டாள்:

“ஏனுங் மாப்ள, கயித்த எதுல அளந்தீங்க?”

வினோ எழுந்து நின்று, இல்லாத கயிற்றைக் கட்டைவிரலால் மிதித்து உச்சந்தலைவரை இழுத்துக் காட்டினான். கமலாத்தாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வாசலில் நின்ற ஆறுமுகசாமி செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினார். நேராகத் தோட்டத்துக்குப் போய் ஓரத்துச் செடி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கிப் போட்டார். கொடுத்தது அதுவாகவே திரும்பி வந்துவிடும் என்று நினைத்தார். சாயங்காலம் வினோவை நிலையில் சாய்த்து நிறுத்திக் கரிக்கோடு போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் ஏறவில்லை. பிடுங்கிய செடி வெயிலில் வதங்கி, அதனிடம் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது. செடி சாகக்கூடாது. செடி செத்தால் அந்த அளவுக்கு வினோ திரும்பமாட்டான். தக்காளியோ மாசி கடந்து பங்குனி வெயிலில் தானாகக் காய்ந்துபோகிற பயிர்.

யோகப்பிரியா ஒரு செடியின் நுனியைக் கிள்ளிப் பார்த்தாள். அது நின்றது. பிறகு கக்கத்துத் தளிர் ஒன்று கிளம்பி, விட்ட இடத்திலிருந்து இன்னும் வேகமாக ஏறியது. கயிற்றை அறுக்கலாமா என்றால், அறுத்தால் அந்த உயரத்திலிருந்து செடி விழுந்து முறியும். அதனால் தண்ணீர் பாய்ச்சினார்கள், சுண்ணாம்பு கரைத்து ஊற்றினார்கள், அடி இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் விட்டார்கள், பூச்சி வந்தால் கையால் பொறுக்கினார்கள். கமலாத்தாள் மயில்களை விரட்டுவதற்காக அடுப்பங்கரையையே தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டாள். இதையெல்லாம் முன்னால் நின்று செய்ததும் வினோதான். குறைந்துகொண்டே போனதில் அடி இலை கழிப்பது மட்டும் அவனுக்குச் சுலபமாக இருந்தது, குனியவே வேண்டியதில்லை. மார்கழியில் அவன் யோகப்பிரியாவின் தோளுக்கு வந்தான், தையில் இடுப்புக்கு. காய்ப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டான். ஸ்கூட்டரில் அவள் அவனை முன்னால் நிற்கவைத்துக் கடைக்குக் கூட்டிப் போனாள். கடைக்காரர்கள் முதல்நாள் பார்த்தார்கள், மறுநாள் சில்லறையை எட்டிக் கொடுத்தார்கள்.

“எங்க போய் நிக்கும்னு தெரியலையே யோகா,” என்றான் ஒருநாள் அவளிடம்.

“எங்க நின்னாலும் நாந்தானுங்களே கூட்டீட்டுத் திரியப்போறேன்,” என்றாள் அவள். சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மலையில் இருந்த அம்மா அழகுத்தாயிடம் வினோ வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தான். போனை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்திருக்கிறான் என்பது மட்டும்தான் அவளுக்குத் தோன்றியது. எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் லீவு எடுப்பது கஷ்டம், ஆனாலும் காய் பறிக்கும்போது வருகிறேன் என்று அவள் சொன்னாள். வேண்டாம் என்றான். வேண்டாம் என்றதும் அவள் உடனே பஸ் எப்போது என்று விசாரித்துவிட்டாள்.

பழம் கீழிருந்து மேலாகச் சிவந்தது. கீழ்க் கொத்துகளைக் கையால் பறித்தார்கள். ஒவ்வொன்றும் ஷஹீர் சொன்னபடி ஒரு சொம்பளவு, காம்பைச் சுற்றிப் பச்சைக் கோடு, அறுத்தால் சதைதான், விதை கொஞ்சம். பறித்தால் உயரம் திரும்பும் என்று எல்லாரும் உள்ளுக்குள் நம்பியிருந்தார்கள். முதல் பழத்தைப் பறித்ததும் ஷஹீரையும் சேர்த்து நான்கு பேரும் வினோவையே பார்த்தார்கள். வினோ தன் காலைப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. பழத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்கள். மேல் கொத்துகளுக்கு ஷஹீர் மாந்தோப்பு ஆட்களை வரவழைத்தான். அவர்கள் வலை கட்டிய தொரட்டியை மாங்காய்க்கு நீட்டுவதுபோல் நீட்டிப் பறித்தார்கள். மாங்காய் தாங்கும் வலையைத் தக்காளி தாங்கவில்லை, பாதி நசுங்கியது. நசுங்கியதை நான் எடுத்துப் போய் யாருக்குக் கொடுப்பேன் என்று ஷஹீர் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டான்.

கமலாத்தாளுக்கு எரிச்சல் வந்தது. உயரத்தில் இருக்கும் எதுவும் அவளுக்கு வாழ்நாள் முழுக்க எரிச்சல்தான். தொரட்டிக்காரர்களைப் போகச் சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகத் தோட்டத்துக்குப் போனாள். ஒரு செடியின் அடியில் முளையில் கட்டியிருந்த கயிற்று முடிச்சை அவிழ்த்து, கையில் சுற்றிக்கொண்டு, கிணற்றுக்குள் வாளி இறக்குவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். செடி கயிற்றோடு இறங்கியது. இலை கழித்த வெற்றுத் தண்டு தரையில் படிய, அதை வளைத்துப் பாத்தி ஓரமாகப் படுக்கவைத்தாள். காலையாக இருந்திருந்தால் தண்டு நீர் ஏறி விறைத்து ஒடிந்திருக்கும். மத்தியான வெயிலில் அது துணிபோல் துவண்டிருந்தது. நுனி தன் தலைக்கு நேராக வந்ததும் கயிற்றை முடிந்துவிட்டு, மேல் கொத்துப் பழத்தைக் கையாலேயே பறித்து மடியில் போட்டாள். அவளுக்கு வேறு எண்ணமே இல்லை. எட்டவேண்டும் என்பதுதான்.

வீட்டில் பெட்டிமேல் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த வினோவுக்குக் கால் தரையில் பட்டது.

அவன் கையைக் கழுவவில்லை. எச்சில் கையோடு தோட்டத்துக்கு ஓடினான், பின்னால் யோகப்பிரியா ஓடினாள். கமலாத்தாள் இரண்டாவது செடியை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு முழம் விட, வினோவின் லுங்கிக்குக் கீழே கணுக்கால் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்த்து, கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மேலும் விடலாமா என்று பயம். யோகப்பிரியா அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாகத் தளர்த்தினாள். அப்போது ஆறுமுகசாமி வந்தார். வந்தவர் மூன்றாவது செடியின் முளையருகே குந்தி, முடிச்சை அவிழ்க்கமுடியாமல் பல்லால் கடித்து இழுத்தார். பிறகு நிமிர்ந்து, குழாயையோ செடியையோ பார்க்காமல், நேராகச் சொன்னார்:

“இங்க வந்து தண்டத் தாங்கிப் புடிங்க மாப்ள. ஒத்தையில எனக்கு ஆகாது.”

வினோ போய்த் தாங்கிப் பிடித்தான்.

ஒரே நாளில் இறக்க முடியவில்லை. வெயில் ஏறித் தண்டு துவண்ட பிறகுதான் கயிற்றைத் தொடலாம், சாயங்காலம் ஆனால் நிறுத்திவிட வேண்டும். அதனால் அந்த வாரம் முழுக்க மத்தியானங்களில் அந்தக் குடும்பம் தூங்கவில்லை. ஷஹீர் லாரியை நிறுத்திவிட்டு வந்து கயிறு பிடித்தான், ஒவ்வொரு செடி இறங்கும்போதும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று லாரிக்குப் பின்னால் நின்று வழிசொல்கிறவன்போல் கையை ஆட்டினான். பழமும் கையெட்டும் உயரத்துக்கு வந்தது, ஒன்றுகூட நசுங்காமல் பெட்டியில் ஏறியது. பாதி இறக்கிய நிலையில்தான் அழகுத்தாய் வந்து சேர்ந்தாள். வினோ அப்போது யோகப்பிரியாவின் தோளுக்குக் கொஞ்சம் கீழே இருந்தான். பஸ்ஸிலிருந்து பையோடு இறங்கியவள் மகனை மேலிருந்து கீழே பார்த்தாள். யோகப்பிரியா அவசர அவசரமாகக் கயிறு, தண்டு, வெயில் என்று எல்லாவற்றையும் சொல்லி, இன்னும் நான்கைந்து நாளில் சரியாகிவிடும் அத்தை என்று முடித்தாள். அழகுத்தாய் பையை மருமகளிடம் கொடுத்துவிட்டு, மகனின் கன்னத்தைத் தடவினாள்.

“இதுக்காய்யா என்ன வரவேணாம்ன? பெறந்தப்ப நீ இதவிடச் சின்னதாத்தான இருந்த.”

அவளும் மறுநாளிலிருந்து கயிறு பிடித்தாள். கமலாத்தாளும் அவளும் ஒரே உயரம் என்பதால் ஒரே வரிசையில் நின்று இறக்கினார்கள், இறக்கிக்கொண்டே குழம்புக்கு எந்தப் புளி நல்லது என்று சண்டை போட்டார்கள். கடைசிச் செடியை இறக்கி முடித்த மத்தியானம் வினோ வீட்டுக்குள் நுழைந்தபோது நிலையில் அவன் தலை இடித்த சத்தம் அடுத்த தோட்டத்துக்குக் கேட்டது. யோகப்பிரியா ஓடிவந்து, நெற்றி வீங்குவதைப் பார்த்துச் சிரித்து, சிரித்துக்கொண்டே நிலையில் சாய்ந்து உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள். அதற்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள், எல்லாரும் தூங்கினார்கள். பிடுங்கிப் போட்ட செடிக்கு உண்டான ஒரு விரற்கடை மட்டும் வரவேயில்லை. ஆறுமுகசாமி அதை இரண்டொரு தடவை சொல்லி வருத்தப்பட்டார். வினோ, பஸ்ஸில் ஏறும்போது அந்த ஒரு விரற்கடை இல்லாதது சௌகரியமாகத்தான் இருக்கிறது மாமா என்றான்.

பாத்தி ஓரமாகப் படுத்த தண்டுகள் இடத்துக்கு இடம் வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டன. பங்குனி வெயிலில் மேல்பாகம் காய்ந்தாலும், மழை பெய்ததும் தரையிலிருந்து துளிர்க்கின்றன. தளிர் எழும்பும் காலத்தில் வினோ மூன்று விரல், நான்கு விரல் குறைகிறான். செடியை இறக்கிவிட்டதும் பழைய உயரத்துக்கு ஏறிவிடுகிறான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் விதை கேட்டு வருகிறார்கள். ஷஹீர் சந்தையில் இதற்கென்று தனி அடுக்கு வைத்திருக்கிறான். அழகுத்தாய் வருஷத்துக்கு ஒருமுறை இறக்கும் காலத்துக்கு வந்துபோகிறாள். இந்த ஆவணியில் யோகப்பிரியா வினோவுக்குப் புது பேண்ட் தைக்கத் துணி எடுத்துக்கொண்டு முதலமடையில் தையல் கடைக்குப் போனாள். தையல்காரர் துணியை உதறி நீளம் பார்த்துவிட்டு, நாடாவைக் கழுத்தில் போட்டபடியே கேட்டார்.

“செடி இப்ப மேலயா, கீழயாம்மா?”

“ஏறீட்டிருக்குதுங்ணா. கீழ நல்லா மடிச்சு உட்டுத் தெச்சுருங்க. வேணுங்கறப்ப அவுத்துக்கறோம்.”

தையல்காரர் சுண்ணாம்புக்கட்டியால் துணியில் ஒரு கோடு போட்டார், கொஞ்சம் யோசித்து அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டார், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.